மும்பையில் காக்ளியர் இம்பிளான்ட்: புதிதாக இறங்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒன்றரை வயதாகியும் குழந்தை பேசவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை என்று அம்மா கவலைப்பட்டால், நம் வீடுகளில் முதலில் வரும் பதில், "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான், பொறு" என்பதுதான். பாட்டி ஆறுதலாகத்தான் சொல்கிறார். ஆனால் பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு அந்தப் பொறுமையால் போகும் மாதங்கள் திரும்பி வராது. பேச்சைப் பிரித்தறியும் வேலையை மூளை கற்றுக்கொள்வது முதல் சில வருடங்களில். அந்தக் காலத்தில் ஒலி உள்ளே போகாவிட்டால், பின்னால் எவ்வளவு நல்ல கருவி வைத்தாலும் பலன் குறையும்.

தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கம் இந்தி, மராத்தி தெரியாத அம்மாக்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரிகளுக்குப் போய் வருகிறேன். அங்கே திரும்பத் திரும்பச் சொல்ல நேர்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். காது கேளாதவரின் உட்செவிக்குள் கேட்க உதவும் கருவியை ஆபரேஷன் செய்து வைப்பதுதான் காக்ளியர் இம்பிளான்ட். அந்த ஆபரேஷன் சில மணி நேர வேலை. கேட்கப் பழக்குவது சில வருட வேலை. ஆகவே எந்த டாக்டர், எந்தக் கம்பெனி என்று யோசிப்பதற்கு முன்பே, பயிற்சியை எங்கே, யாரிடம், எந்த மொழியில் எடுக்கப் போகிறோம் என்று யோசியுங்கள். கீழே வரும் ஒவ்வொரு முடிவுக்கும் இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் வழி தெளிவாகும்.

சந்தேகம் வந்தால் உடனே

பிறந்து 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் குறை உறுதி, 6 மாதத்துக்குள் கருவி என்பது உலகெங்கும் பின்பற்றும் கணக்கு. பெரும்பாலான வீடுகளில் இந்தத் தேதியெல்லாம் தாண்டித்தான் சந்தேகமே வருகிறது. தாண்டிவிட்டதே என்று உட்கார வேண்டாம், இந்த வாரமே போங்கள். குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்த குழந்தை, கடுமையான மஞ்சள்காமாலை வந்த குழந்தை, மூளைக்காய்ச்சல் வந்த குழந்தை, கர்ப்பத்தில் அம்மாவுக்கு ரூபெல்லா வந்திருந்த குழந்தை, இவர்களுக்கெல்லாம் சந்தேகம் வராவிட்டாலும் சோதனை செய்ய வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிச் செவிட்டுத்தன்மை வரும் வாய்ப்பு கூடுதல். ஆஸ்பத்திரியில் "மாமா மகளா, அக்கா மகளா" என்று கேட்பது அதற்காகத்தான். வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். அதை வைத்து யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை, குறிப்பாக அம்மாவை.

முதலில் செய்வது ஓ.ஏ.இ. என்ற சின்னச் சோதனை. காதில் ஒரு முனையை வைத்து, உட்செவியிலிருந்து எதிரொலி வருகிறதா என்று பார்ப்பார்கள். அடுத்தது பெரா. ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் எப்படிப் பதில் தருகின்றன என்பதைத் தலையில் மின்முனைகள் ஒட்டிப் பதிவு செய்வார்கள். குழந்தை தூங்கினால்தான் பெரா எடுக்க முடியும். மருந்து கொடுத்தும் தூங்காமல், அப்பா ஒரு நாள் கூலியை விட்டுக் காத்திருந்து, வேறு தேதி வாங்கித் திரும்பும் குடும்பங்களை நிறையப் பார்க்கலாம். முந்தைய இரவு குழந்தையை நேரம் கழித்துத் தூங்க வையுங்கள், காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், ரயிலிலோ ஆட்டோவிலோ தூங்க விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். பால் எப்போது கொடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓ.ஏ.இ. மட்டும் பார்த்து "பாஸ்" என்று அனுப்பிவிட்டால் அதோடு விட்டுவிடக் கூடாது. உட்செவி நன்றாக இருந்து நரம்பு வழியில் கோளாறு இருக்கும் குழந்தைகளுக்கு ஓ.ஏ.இ. சரியாக வரும், பெராவில்தான் குறை தெரியும். அதேபோல், சாதாரண பெரா உயர்ந்த ஒலிகளைத்தான் முக்கியமாகப் பார்க்கும். ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு கேட்கிறது என்று அறிய ஏ.எஸ்.எஸ்.ஆர். என்ற சோதனையும், பழகிய ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) ஒலி எழுப்பிக் குழந்தையின் முகத்தைப் பார்த்துச் செய்யும் சோதனையும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும்.

மும்பையில் இதற்கெல்லாம் முதலில் போக வேண்டிய இடம் என்று நான் சொல்வது பாந்த்ரா ரெக்ளமேஷனில் இருக்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம். 1983-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் அது. பேச்சு, கேட்டல் இரண்டுக்குமான சோதனை, ஹியரிங் எய்டு, பயிற்சி, அரசுத் திட்ட விண்ணப்பம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். தாராவியிலிருந்து பக்கம்தான். சயான், கே.இ.எம்., நாயர் ஆகிய பெரிய மாநகராட்சி ஆஸ்பத்திரிகளிலும் ஈ.என்.டி. பிரிவு உண்டு. "பையன் லேட்டாகப் பேசுவான், 3 வயது வரை பார்க்கலாம்" என்று ஒரு கிளினிக்கில் சொன்னதை நம்பிக் காத்திருந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். அப்படிச் சொன்னால் சோதனை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராவிட்டால் வேறு இடம் போங்கள்.

இந்தக் கருவி என்ன செய்கிறது

ஹியரிங் எய்டு ஒலியைப் பெரிதாக்கிக் காதுக்குள் அனுப்புகிறது. உட்செவியில் நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில், ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்துபோயிருந்தால், எவ்வளவு பெரிதாக்கினாலும் பயன் இல்லை. காக்ளியர் இம்பிளான்ட் அந்த அணுக்களைத் தாண்டி நரம்பை நேராகத் தூண்டுகிறது. வெளியே காதின் மேல் மாட்டும் ப்ராசஸர் ஒலியை வாங்கிப் பிரிக்கும். தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் 'காயில்' என்ற வட்டமான கம்பிச்சுருள் அதைத் தோல் வழியாக உள்ளே அனுப்பும். தோலுக்கு அடியில் வைத்த கருவி, காக்ளியாவுக்குள் நுழைத்த மெல்லிய கம்பியில் உள்ள மின்முனைகள் வழியாக நரம்பைத் தட்டும். மெல்போர்னில் கிரேம் கிளார்க் தன் முதல் நோயாளிக்குப் பல மின்முனைக் கருவியை 1978-லேயே வைத்துவிட்டார். "புதுசா எதையோ குழந்தை தலையில சோதிச்சுப் பார்க்கிறாங்க" என்று பயப்படும் தாத்தாவுக்கு இதைச் சொல்லலாம்.

பழைய கேட்கும் திறனைக் கருவி அப்படியே திருப்பித் தராது. ப்ராசஸரைக் கழற்றினால் குழந்தைக்கு எதுவும் கேட்காது. எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தாது. கேட்கும் நரம்பே வளராத குழந்தைக்கு இதனால் பலன் இராது. அப்படிப்பட்ட குழந்தைக்குச் சைகை மொழி முழுமையான மொழி, அதையும் சீக்கிரம் தொடங்க வேண்டும். இம்பிளான்ட் வைத்த குழந்தை கையால் காட்டிப் பேசினாலும் கையைத் தட்டிவிடாதீர்கள். குளிக்கும்போதும், பேட்டரி தீர்ந்தபோதும் அதற்குக் கையும் முகமும்தான் துணை.

ஹியரிங் எய்டு போடும் மாதங்கள்

இம்பிளான்டுக்கு முன் பொதுவாக 3 முதல் 6 மாதம் இரண்டு காதிலும் நல்ல ஹியரிங் எய்டு போட்டுப் பயிற்சி கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். "எப்படியும் ஆபரேஷன்தானே, இது எதுக்கு" என்று பெட்டியிலேயே வைத்துவிடுபவர்கள் உண்டு. அது தவறு. சில குழந்தைகளுக்கு ஹியரிங் எய்டே போதுமானதாக இருந்துவிடும். போதாவிட்டாலும் நரம்புக்கு ஏதோ ஓர் ஒலி போய்க்கொண்டிருக்கும், காதில் ஒன்றை மாட்டியிருக்கும் பழக்கமும் வரும். குழந்தையின் காது வளர வளர, காதுக்குள் பொருத்தும் அச்சு இறுகாமல் ஒலி கசிந்து கீச்சென்று கத்தும். அப்போது புது அச்சு எடுக்க வேண்டும்.

மூளைக்காய்ச்சலால் காது போன குழந்தைக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கூடாது. காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளும், அதன்பின் கம்பியை நுழைப்பது கடினம். காய்ச்சல் தெளிந்த கையோடு சோதனைக்குப் போய், "மெனிஞ்சைட்டிஸ் வந்த குழந்தை" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

பணமும் காகிதமும்

கையிலிருந்து செலவழித்தால் ஒரு காதுக்குக் கருவியும் ஆபரேஷனும் சேர்த்துப் பல லட்சம் ஆகும். அடிப்படை மாடலுக்கே 6, 7 லட்சம், உயர் மாடலுக்கு அதைப்போல இரு மடங்குக்கு மேலும் போகலாம். மாற்றுத் திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில் பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு 5 வயது வரையும், பேச்சு வந்த பிறகு கேட்கும் திறனை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரையும், ஒரு காதுக்கு இம்பிளான்ட் கிடைக்கும். கருவி, ஆபரேஷன், மேப்பிங் (கருவியின் ஒலி அளவைக் குழந்தைக்கு ஏற்றபடி சரிசெய்வது), பயிற்சி எல்லாம் அதில் அடங்கும். குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு. நாடு முழுவதற்கும் இதை நடத்துவது பாந்த்ராவில் இருக்கும் அதே நிறுவனம்தான். காத்திருப்புப் பட்டியல் இருப்பதால் பெரா முடிவு கைக்கு வந்த உடனே விண்ணப்பியுங்கள். ஹியரிங் எய்டு மாதங்கள் முடியட்டும் என்று நிற்க வேண்டாம்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெயரில். நம் ஊரில் இனிஷியல், இங்கே எல்லாப் படிவத்திலும் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். ஆதாரில் "மு. செல்வம்", பிறப்புச் சான்றில் "செல்வம் முருகன் நாடார்", ரேஷன் கார்டில் வெறும் "செல்வம்" என்று இருந்தால் ஒவ்வொரு கவுண்டரிலும் திருப்பி அனுப்புவார்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிலும் ஆதாரிலும் அப்பா அம்மா பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எல்லாவற்றுக்கும் முன்னால் சரிபாருங்கள். திருத்தம் வாங்கச் சில வாரம் ஆகும், சோதனைகள் நடக்கும்போதே அதையும் ஓட்டிவிடலாம்.

வருமானச் சான்று தாசில்தார் தருவது. சேது கேந்திரா என்ற அரசு சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தாராவி, மாட்டுங்கா, சயான் மும்பை நகர மாவட்டம், அதன் கலெக்டர் அலுவலகம் ஃபோர்ட்டில். செம்பூர், முலுண்ட், காட்கோபர் புறநகர் மாவட்டம், அதற்குப் பாந்த்ரா கிழக்கு. மாவட்டம் மாறி வரிசையில் நின்றால் அந்த நாள் போச்சு. மாற்றுத் திறனாளி அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி.க்கு இணையத்தில் பதிந்துவிட்டு, அரசு அல்லது மாநகராட்சி ஆஸ்பத்திரியின் மருத்துவக் குழுவிடம் குழந்தையைக் காட்ட வேண்டும். சட்டப்படி இரண்டு காதிலும் 70 டெசிபல் குறைவு இருந்தால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். ஒவ்வொரு காகிதத்துக்கும் நான்கு நகல், குழந்தையின் பாஸ்போர்ட் அளவுப் படம், எல்லாச் சோதனை முடிவின் அசல் என ஒரு கோப்பு போட்டு, எங்கே போனாலும் அதைத் தூக்கிக்கொண்டு போங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

திட்டத்துக்குள் வராதவர்கள் மாநகராட்சி ஆஸ்பத்திரியில் மெடிக்கல் சோசியல் ஒர்க்கரைப் பாருங்கள். மும்பையில் மருத்துவச் செலவுக்கு உதவும் அறக்கட்டளைகள் நிறைய, எதற்கு எப்படிக் கடிதம் எழுத வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். டாக்டர் கையெழுத்திட்ட செலவு மதிப்பீடு கையில் இருக்க வேண்டும்.

ஊரிலா, மும்பையிலா

இது நம்மவர்களுக்கே உரிய கேள்வி, இதற்கு ஒரே பதில் கிடையாது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் சிறு குழந்தைகளுக்கு இம்பிளான்ட் உண்டு. அதற்குத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையும் அங்கத்திய வருமானச் சான்றும் வேண்டும். ரேஷன் கார்டு மும்பையில் இருந்தால் முடியாது. இரண்டு மாநிலத்திலும் அட்டை வைத்திருப்பது சட்ட விரோதம், "பார்த்துக்கலாம்" என்று சொல்லும் தரகர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

ஊரில் அட்டை இருக்கிறவர்கள் யோசிக்க வேண்டியது வேறு. ஆபரேஷன் முடிந்து பத்து நாளில் மும்பை திரும்பிவிட்டால் குழந்தைக்கு மேப்பிங் செய்வது யார், பயிற்சி தருவது யார்? திருநெல்வேலியில் பாட்டி வீட்டில் ஒரு வருடம் அம்மாவும் குழந்தையும் தங்க முடியும், பக்கத்தில் பயிற்சி மையம் இருக்கிறது, பயிற்சி தமிழில் நடக்கும் என்றால் ஊர்தான் நல்லது என்பேன். பாட்டி, சித்தி, மாமா என்று நாள் முழுக்கப் பேச ஆள் இருக்கும் வீடு குழந்தைக்குப் பெரிய பலம். ஆனால் அங்கே இறங்கி இரண்டு பஸ் மாறித்தான் மையத்துக்குப் போக வேண்டும், அப்பா இங்கே தனியாக இருப்பார், மூத்த பிள்ளையின் பள்ளி இங்கே என்றால் நாலாம் மாதம் பயிற்சி நின்றுவிடும். அந்த வீட்டுக்குப் பாந்த்ராதான் சரி. முடிவெடுக்கும் முன், அங்கே வைக்கப்போகும் கருவி எந்தக் கம்பெனி, அதற்கு மும்பையில் சர்வீஸ் சென்டரும் மேப்பிங் செய்யும் ஆடியாலஜிஸ்டும் இருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

கம்பெனி பற்றியும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவின் காக்ளியர் கருவியில் 22 மின்முனைகள், ஆஸ்திரியாவின் மெட்-எல் கருவியில் 12, அமெரிக்காவில் தொடங்கிய அட்வான்ஸ்டு பயோனிக்ஸ் கருவியில் 16. 22 பெரிது, 12 சிறிது என்று கணக்குப் போடாதீர்கள். மூன்றிலும் நன்றாகப் பேசும் குழந்தைகள் இருக்கிறார்கள். ப்ராசஸருக்கு எத்தனை வருடம் வாரண்டி, காயிலும் ஒயரும் தனியாக என்ன விலை, பழுதானால் மாற்று ப்ராசஸர் தருவார்களா, சில வருடம் கழித்து இந்த மாடலுக்கு உதிரி பாகம் கிடைக்குமா, எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் காந்தத்தை என்ன செய்வது என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். இலவசமாகக் கருவி வாங்கிய வீடுகள் தடுமாறுவது பிற்பாடு வரும் இந்தச் செலவில்தான். மாதம் கொஞ்சமாவது தனியே ஒதுக்கி வையுங்கள்.

ஆபரேஷன்

இதற்குமுன் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் எடுப்பார்கள். காக்ளியா சரியாக உருவாகியிருக்கிறதா, நரம்பு இருக்கிறதா என்று பார்க்க. இம்பிளான்ட் வைத்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் அபாயம் சற்றுக் கூடுதல் என்பதால் நிமோகாக்கல் தடுப்பூசி முக்கியம், ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். சளி, காதில் சீழ் இருந்தால் தேதி தள்ளிப் போகும்.

முழு மயக்கத்தில், காதுக்குப் பின்னால் கீறி, எலும்பில் வழி செய்து கம்பியை நுழைப்பார்கள். சுமார் 2, 3 மணி நேரம். முகத்தை அசைக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் அதைக் கண்காணிக்கும் கருவியோடு செய்வார்கள். தலைசுற்றல், நாக்கில் சுவை மாற்றம் சில நாள் இருக்கலாம். காயம் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. மொட்டை, காதுகுத்து போன்ற வேண்டுதல் இருந்தால், தையல் நன்றாக ஆறி டாக்டர் சரி என்று சொன்ன பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச் ஆன்

காயம் ஆறியதும், 2 முதல் 4 வாரத்தில் வெளிக்கருவியை மாட்டி முதல் முறை இயக்குவார்கள். மொபைலில் வீடியோ எடுக்கக் குடும்பமே திரண்டு வரும். குழந்தை சிரிக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். பல குழந்தைகள் அழும், சில குழந்தைகள் எதுவும் காட்டாமல் பொம்மையையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டும் சாதாரணம். முதல் நாள் ஒலி அளவை வேண்டுமென்றே குறைத்துத்தான் வைப்பார்கள்.

மேப்பிங் என்பது ஒவ்வொரு மின்முனைக்கும் கேட்கத் தொடங்கும் அளவையும், சத்தமாக இருந்தும் உறுத்தாத அளவையும் கண்டு பதிவது. தொடக்கத்தில் அடிக்கடி, பிறகு மாதக்கணக்கில் ஒருமுறை. சின்னக் குழந்தை தானாகச் சொல்லாது, அதனால் நீங்கள் வீட்டில் பார்த்ததுதான் ஆடியாலஜிஸ்டுக்கு ஆதாரம். குக்கர் விசிலுக்குக் கண்ணைச் சிமிட்டியதா, எந்தச் சத்தத்துக்குக் காயிலைப் பிடுங்கிப் போட்டது என்று ஒரு நோட்டில் தமிழிலேயே எழுதி வையுங்கள். அங்கே போய் நினைவிலிருந்து சொல்வதைவிட இது ஆயிரம் மடங்கு உதவும்.

வீட்டில் தமிழ்தான் பேசுங்கள்

இந்த இடத்தில்தான் மும்பைத் தமிழ்க் குடும்பம் அதிகம் குழம்புகிறது. மையத்தில் பயிற்சி இந்தியிலோ மராத்தியிலோ நடக்கும். "வீட்டிலும் இந்தியே பேசு, இல்லாவிட்டால் குழந்தை குழம்பிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். அரைகுறை இந்தியில் அம்மா "பேட்டா, பானி" என்று இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வார். நாள் முழுக்கக் குழந்தை கேட்பது பத்துச் சொல்லாகிவிடும். கேட்கப் பழகும் குழந்தைக்கு வேண்டியது ஏராளமான, இயல்பான, தடுமாறாத பேச்சு. அதை நீங்கள் எந்த மொழியில் தர முடியுமோ அதுதான் அதன் முதல் மொழி. திட்டுவது, கொஞ்சுவது, கதை சொல்வது எல்லாம் தமிழில் வரும் என்றால் தமிழ்தான். ஒரு மொழி ஊன்றிய பிறகு இந்தியும் மராத்தியும் பள்ளியிலும் தெருவிலும் வந்து சேரும். தெரபிஸ்டிடம் முதல் நாளே, "எங்கள் வீட்டில் தமிழ், நான் பயிற்சியைத் தமிழில் செய்வேன், முறையைக் கற்றுக்கொடுங்கள்" என்று சொல்லுங்கள். நல்ல தெரபிஸ்ட் மறுக்க மாட்டார். அவர் அம்மாவுக்குக் கற்றுத் தருகிறார், குழந்தைக்குக் கற்றுத் தருவது அம்மாதான். அம்மா மட்டும்தான் என்றும் இல்லை, வேலை முடிந்து வரும் அப்பாவுக்கும் அரை மணி நேரம் இருக்கும்.

காலையில் ப்ராசஸரை மாட்டியதும் ஆறு ஒலிகளைச் சொல்லிப் பார்க்க வேண்டும்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். டேனியல் லிங் என்ற ஆசிரியர் வகுத்தது இது. பேச்சில் வரும் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை இந்த ஆறில் அடங்கிவிடும். குழந்தைக்கு எதிரே உட்காராமல், கருவி இருக்கும் பக்கமாகச் சற்றுப் பின்னால் உட்காருங்கள், உதட்டைப் பார்க்கக் கூடாது. உள்ளங்கையால் வாயை மூடினால் ஒலி அமுங்கும், அதனால் கை வேண்டாம். சாதாரணக் குரலில் "ஊ" என்று சொல்லுங்கள். கேட்டால் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும் என்று விளையாட்டாகப் பழக்குங்கள். நேற்று "ஸ்"ஸுக்குக் கொட்டை போட்ட குழந்தை இன்று போடவில்லை என்றால் பேட்டரி, மைக் மூடி, ஒயர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு நாள் தொடர்ந்தால் ஆடியாலஜிஸ்டுக்குப் போன்.

ஒரே அறை வீட்டில் இது எளிதல்ல என்று தெரியும். டி.வி., மேலே தையல் மெஷின், கீழே சந்துச் சத்தம். கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்தே வாங்கும், அதில் அம்மா குரலைப் பிரித்தெடுக்கத் தொடக்கத்தில் குழந்தைக்குத் தெரியாது. விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வருவதற்கு முந்தைய அரை மணி நேரம் தாராவியில் ஓரளவு அமைதி. அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். பயிற்சி என்று தனியாக உட்காராத நேரத்திலும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். "வெங்காயம் எடுக்கிறேன், தோலை உரிக்கிறேன், ஐயோ கண்ணு எரியுது." முதலில் காதுக்குச் சொல்லி, பிறகு பொருளைக் காட்டுங்கள். காக்கா கரைந்தால் காதைத் தொட்டு, "கேட்டுச்சா, காக்கா!" என்று காட்டுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி தலையில் இருக்க வேண்டும். பேச்சு உடனே வராது. கேட்கத் தொடங்கிய நாளிலிருந்துதான் குழந்தையின் கேட்கும் வயதைக் கணக்கிட வேண்டும். 2 வயதில் ஸ்விட்ச் ஆன் செய்தால், 3 வயதில் அதற்குக் கேட்கும் வயது ஒன்றுதான். பக்கத்து வீட்டு 3 வயதுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

மழை, எண்ணெய், லோக்கல் ரயில்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றிலேயே தண்ணீர். ஈரம்தான் ப்ராசஸரின் முதல் எதிரி. தினமும் இரவு பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் டப்பாவில் வையுங்கள். உள்ளே உள்ள உறிஞ்சியை மாற்றும் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தலை வாரும்போது கருவியைக் கழற்றிவிட்டு, கை துடைத்த பிறகு மாட்டுங்கள். எண்ணெய் மைக் மூடியை அடைக்கும். கூந்தல் அடர்ந்து காயில் நிற்காவிட்டால் காந்தத்தின் வலுவை மாற்றித் தருவார்கள். ஹோலி நாளில் வெளியே போகும்போது கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்.

ரயிலில் கூட்டத்தில் காயில் தட்டி விழுந்தால் திரும்பக் கிடைக்காது. சட்டைக் காலரில் கிளிப்போடு கட்டும் கயிறு கேட்டு வாங்குங்கள், மாற்றுத் திறனாளிகளுக்கான பெட்டியில் ஏறுங்கள். ப்ராசஸருக்குத் தனியாக இன்ஷூரன்ஸ் எடுப்பது நல்லது. கம்பெனி தரும் அடையாள அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும், மெட்டல் டிடெக்டர் கத்தினால் காட்டலாம். எந்த ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போனாலும் "தலையில் இம்பிளான்ட் இருக்கிறது" என்று முதலில் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ.யும் சில மின்சாரக் கருவிகளும் ஆபத்து.

பெரியவர்களுக்கு

பேச்சு வந்த பிறகு கேட்கும் திறனை இழந்த பெரியவர்களுக்கு இதில் நல்ல பலன் உண்டு, வயது ஒரு தடையல்ல. ஹியரிங் எய்டு போட்டும் சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை என்றால் பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனை எடுக்கச் சொல்லுங்கள். காது போய் எத்தனை வருடம் ஆயிற்று என்பது முக்கியம், குறைவாக இருந்தால் பலன் அதிகம். பிறவியிலிருந்து கேளாமல், கருவியே போடாமல் வளர்ந்த பெரியவருக்குப் பேச்சுப் புரிதல் வருவது அரிது. சத்தம் மட்டும் தெரியும். அதை வெளிப்படையாகச் சொல்லும் டாக்டரை நம்பலாம். முதலில் எல்லோர் குரலும் மெஷின் பேசுவது போலத்தான் இருக்கும், மாதங்கள் போகப்போகப் பழகும். ரயில்வேயிலோ மத்திய அரசிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் மருத்துவத் திட்டத்தில் முன் அனுமதி கேட்டு எழுதுங்கள். ஏ.டி.ஐ.பி. திட்டத்தில் பெரியவர்களுக்கு இம்பிளான்ட் இல்லை.

ஒரே நாளில் திடீரென்று ஒரு காது அடைத்துப் போனால் அது அவசரம். அழுக்கு என்று எண்ணெய் விட்டுக்கொண்டு இருக்காமல் அன்றே ஈ.என்.டி.யைப் பாருங்கள். ஸ்டீராய்டு முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன்.

பள்ளி

நன்றாகக் கேட்கப் பழகிய குழந்தை சாதாரணப் பள்ளிக்கே போகலாம். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகள் இருப்பது நமக்கு ஒரு வசதி. வீட்டு மொழியே வகுப்பு மொழியானால் குழந்தைக்குப் பாரம் பாதி குறையும். ஆசிரியரிடம் நேரில் போய்க் கருவியைக் கழற்றி மாட்டிக் காட்டுங்கள், பேட்டரி மாற்றக் கற்றுக்கொடுங்கள். கருவி இருக்கும் காது ஆசிரியர் பக்கம் வரும்படி இரண்டாம் வரிசையில் இடம் கேளுங்கள். சன்னல், மின்விசிறி பக்கம் வேண்டாம். கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் வகுப்பைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். காது கேளாத மாணவர்களுக்கு மகாராஷ்டிர வாரியத்திலும் சி.பி.எஸ்.இ.யிலும் மொழிப் பாடங்களில் சலுகையும் தேர்வில் கூடுதல் நேரமும் உண்டு. ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போதே யூ.டி.ஐ.டி. நகலோடு பள்ளி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி அந்தக் கோப்பில் சேர்த்து வையுங்கள்.